கடல் கடந்த நாடகங்கள் – 9: உறுப்பினர்களுக்கு மட்டும்

சென்ற இதழில் ஆந்த்ரே அந்த்வானைப் பாரிஸில் விட்டுவிட்டு வந்தோம். பகலில் எரிவாயுக் கம்பெனியில் குமாஸ்தா, இரவில் நாடகக்காரர். 1887 மார்ச்சில் மோன்மார்த்ர் சந்து ஒன்றில் அவர் தொடங்கிய ‘தியாத்ர் லீப்ர்’, சந்தா கட்டியவர்களுக்கும் அழைப்புப் பெற்றவர்களுக்கும் மட்டுமே கதவைத் திறந்தது. அந்த ஏற்பாடு இரண்டே ஆண்டுகளில் எல்லை தாண்டியது. 1889 செப்டம்பர் 29 அன்று, ஓட்டோ பிராம் தலைமையில் பெர்லினின் ‘ஃப்ரைய பியூனெ’ அதே முறையில் திரை தூக்கியது. இனி லண்டன்.

லண்டனில் இந்த வேலையைச் செய்தவர் ஆங்கிலேயர் இல்லை. 1862-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டச்சுக்காரர். பெயர் யாக்கோப் தாமஸ் கிரைன். நண்பர்களுக்கு ஜாக். நடிகராகப் பெயரெடுத்தவர் இல்லை. பெரிய எழுத்தாளரும் இல்லை, பணக்காரரும் இல்லை. அந்த்வானைப் போலவே இவரும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியவர். ஆனாலும் ஆங்கில மேடையின் வரலாற்றில் இப்சனிலிருந்து பெர்னார்ட் ஷாவுக்குப் போகிற பாதை இவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது.

இருவழி வியாபாரம்

கிரைன் 1885-ல் லண்டனுக்கு வந்தார். வணிக நிறுவனத்தில் வேலை முடிந்ததும் நாடக அரங்கு, அதன் பிறகு எழுத்து மேசை என்று அவருடைய மாலைகள் கழிந்தன. லண்டன் மேடையைப் பற்றி ஹாலந்துப் பத்திரிகைகளுக்கு எழுதினார். டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் நாடகம் படிக்கக்கூடியவர் அன்றைய லண்டனில் அபூர்வம். எந்த ஊரில் எந்த நாடகம் ஓடுகிறது, எதை எங்கே கொண்டுபோனால் எடுபடும் என்ற கணக்கு அவருக்கு இயல்பாகவே வந்தது.

முதலில் அவர் செய்தது ஏற்றுமதி. ஆர்தர் பினேரோ, ஹென்றி ஆர்தர் ஜோன்ஸ் போன்ற ஆங்கில நாடகாசிரியர்களின் படைப்புகளை ஹாலந்து மேடைக்கு அறிமுகம் செய்தார். ஆம்ஸ்டர்டாம் ராயல் தியேட்டர் நிர்வாகம் அதற்கு நன்றியாக 50 பவுன் அனுப்பியது. ஒரு மொழிபெயர்ப்புக்காக இன்னொரு 30 பவுன் வந்தது. ஆங்கில நாடகத்தை வெளிநாட்டில் விற்றுச் சேர்ந்த இந்த 80 பவுனை, வெளிநாட்டு நாடகத்தை இங்கிலாந்துக்குள் கொண்டுவரும் முதலாகப் போட்டார் கிரைன். கையில் இருந்தது அவ்வளவுதான்.

நோக்கத்தை அவர் ஒளித்து வைக்கவில்லை. 1889-ல், நண்பர் ஒருவருடன் சேர்ந்து நடத்திய ‘வீக்லி காமெடி’ என்ற சிறு பத்திரிகையில், பிரிட்டனுக்கும் ஒரு ‘தியாத்ர் லீப்ர்’ வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அந்த்வானே தன் குழுவுடன் வந்து, சோஹோ பகுதியின் ராயல்டி அரங்கில் நடித்துவிட்டுப் போயிருந்தார். பாரிஸ்காரர்கள் ஊர் திரும்பிய பின் லண்டன் மேடை பழையபடி குடும்ப நகைச்சுவையும் கண்ணீர் நாடகமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ரசனையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காரணம் சட்டத்தில் இருந்தது.

ஏழு நாள், இரண்டு கினி

அன்றைய இங்கிலாந்தில் ஒரு நாடகத்தை மேடையேற்ற அரண்மனையின் அனுமதி வேண்டியிருந்தது. 1737-ல் பிரதமர் வால்போல், தன்னைக் கிண்டல் செய்த மேடையின் வாயை அடைக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1843 சட்டம் அதைத் திருத்தி உறுதிப்படுத்தியது. அதிகாரம் லார்ட் சேம்பர்லின் கையில். அரசகுடும்பச் சடங்குகளை மேற்பார்வையிடும் அரண்மனை அதிகாரிதான் நாட்டின் நாடகங்களுக்கும் காவலர். அவருக்காக நாடகங்களைப் படித்துப் பார்க்க ஒரு பரிசோதகர் இருந்தார். நம் கதை நடக்கும் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் ஸ்மித் பிகட். 1874 முதல் அங்கேதான்.

நடைமுறை எளிது. மேடையேற்றத்துக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் பிரதியை அரங்க நிர்வாகி அனுப்ப வேண்டும். படிக்கும் கூலியும் அவர் தலையில்தான். அதிகபட்சம் இரண்டு கினி. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேல்முறையீடு கிடையாது. பைபிள் பாத்திரங்கள் மேடையில் வந்தால் மறுப்பு உறுதி. 1892-ல் சாரா பெர்னார்ட் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்கார் வைல்டின் ‘சலோமி’ நின்றுபோனது அப்படித்தான். அந்த நாடகத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். கிரைனின் வாழ்க்கையில் அது திரும்பவும் வரும்.

இந்தியாவுக்கு அதே பிரிட்டிஷ் அரசு 1876-ல் இயற்றிய நாடகச் சட்டம், நடக்கிற அல்லது நடக்கப்போகிற நாடகத்தைத் தடை செய்யும் அதிகாரத்தைத் தந்தது. அதற்கு ஒரு தடை ஆணையாவது பிறக்க வேண்டும். லண்டனில் அந்தச் சிரமமும் இல்லை. உரிமம் கொடுக்காமல் இருந்தாலே போதும். விளைவாக, அரங்க நிர்வாகிகள் பரிசோதகருக்கு முன்பே பரிசோதகர் ஆனார்கள். சிக்கல் வரும் என்று தோன்றிய பிரதியை அனுப்பவே மாட்டார்கள்.

ஆனால் சட்டத்தின் பிடி, கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டும் நாடகத்தின் மேல்தான் இருந்தது. ஒரு சங்கம் தன் உறுப்பினர்களை அழைத்துத் தனக்குள் நாடகம் போட்டுக்கொண்டால்? 1886-ல் ஷெல்லி சங்கம் இதைச் செய்து காட்டியிருந்தது. மேடைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டிருந்த ஷெல்லியின் ‘சென்சி’ நாடகத்தை இஸ்லிங்டன் அரங்கம் ஒன்றில் தன் அழைப்பாளர்களுக்கு மட்டும் நடத்தியது. கிரைன் இந்த ஓட்டையையும் அந்த்வானின் சந்தா முறையையும் சேர்த்துப் பார்த்தார். பாரிஸில் சந்தா என்பது பணம் திரட்டும் வழி. லண்டனில் அதுவே சட்டக் கவசமாகவும் ஆகிவிடும்.

நாடகத்தை மொழிபெயர்த்தால் அது புத்தகக் கடை வரை வரும். மேடைக்கு வர, அதைப் பார்க்க உரிமையுள்ள ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தைச் சட்டப்படி உண்டாக்கியதுதான் கிரைனின் வேலை. அவர் அதற்கு வைத்த பெயர் ‘இண்டிபெண்டெண்ட் தியேட்டர்’.

பத்தாயிரம் பிரதிகளின் கதி

முதல் நாடகமாக அவர் எடுத்தது இப்சனின் ‘பேய்கள்’. உரிமம் கிடைக்க வாய்ப்பே இல்லாத நாடகம் என்பதால்தான் எடுத்தார்.

இந்த நாடகம் அதுவரை பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1881 டிசம்பரில் கோபன்ஹேகனில் 10,000 பிரதிகள் அச்சாயின. புத்தகக் கடைகள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பின. அடுத்த பதிப்பு 1894-ல்தான். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், கிறிஸ்தியானியா என்று ஸ்காண்டிநேவியாவின் பெரிய அரங்குகள் மூன்றும் கைவிரித்தன. உலகில் முதன்முதலாக அது மேடையேறிய இடம் அமெரிக்காவின் சிக்காகோ. 1882 மே 20 அன்று, அங்கே குடியேறியிருந்த ஸ்காண்டிநேவியர்கள் தங்கள் மொழியிலேயே நடித்தார்கள். ஐரோப்பாவில் மேடையேற மறு ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் லிண்ட்பெரி என்ற சுவீடன் நடிகர் 1883 ஆகஸ்டில் ஹெல்சிங்போரியில் அதை நடித்து, அங்கிருந்து ஊர் ஊராக எடுத்துச் சென்றார். பெர்லினில் பிராம் தன் அரங்கைத் திறந்து வைத்ததும், 1890 மே மாதம் பாரிஸில் அந்த்வான் கதையின் மகன் ஆஸ்வால்டாக நின்றதும் இதே நாடகத்துக்காகத்தான்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? இறந்துபோன கேப்டன் ஆல்விங் ஊரறிந்த நல்லவர். அவர் நினைவாக விதவை மனைவி ஓர் அநாதை இல்லம் கட்டியிருக்கிறார். உண்மையில் கணவர் குடியும் கூத்துமாக வாழ்ந்தவர். விட்டுப் போக நினைத்த மனைவியைத் திரும்ப வீட்டுக்கே அனுப்பி வைத்தவர் பாதிரியார் மாண்டர்ஸ். இப்போது பாரிஸிலிருந்து மகன் ஆஸ்வால்ட் திரும்பி வந்திருக்கிறான், அப்பாவின் நோயோடு. நோயின் பெயரை நாடகம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. பார்ப்பவர்களுக்கு அது பால்வினை நோய் என்று புரியும். அவன் விரும்பும் வேலைக்காரப் பெண் ரெஜினா, அதே அப்பாவுக்குப் பிறந்தவள். அநாதை இல்லம் ஓர் இரவில் எரிந்து போகிறது. காப்பீடும் இல்லை. கடவுள்மேல் நம்பிக்கை இல்லை என்று ஊர் பேசுமே என்று பாதிரியார் காப்பீடு எடுக்க விடவில்லை. கடைசியில் மகன் தாயிடம் கேட்பது மார்ஃபின் மாத்திரைகளை.

குடும்பம், திருச்சபை, ஊர்ப் பெயர் மூன்றையும் ஒரே வீட்டுக்குள் வைத்துத் தோலுரிக்கும் நாடகம். விக்டோரியா ராணியின் அரண்மனை அதிகாரி இதற்கு முத்திரை குத்துவார் என்று யாரும் கனவு காணவில்லை.

லண்டனில் இப்சனுக்கு வாசகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ‘பேய்கள்’ 1885-லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. விமர்சகர் வில்லியம் ஆர்ச்சர் திருத்திய வடிவம் 1888-ல் மலிவுப் பதிப்பாகவும் வெளிவந்தது. 1886 ஜனவரியில், பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அருகில் கார்ல் மார்க்ஸின் மகள் எலியனோர் குடியிருந்த அறைகளில், நண்பர்கள் கூடி ‘பொம்மை வீடு’ நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்தார்கள். வட்டிக்காரர் க்ரோக்ஸ்டாட்டின் வசனங்களைப் படித்தவர், அப்போது பெயர் தெரியாத எழுத்தாளராக இருந்த பெர்னார்ட் ஷா. 1889 ஜூனில் ஜேனட் அச்சர்ச், சார்லஸ் சாரிங்டன் தம்பதியர் அதே நாடகத்தை முறையாக மேடையேற்றி, பிறகு ஆஸ்திரேலியாவுக்கே எடுத்துச் சென்றார்கள். செலவுக்கு அவர்கள் பணம் புரட்டியதும் அந்த ஆஸ்திரேலியப் பயண ஒப்பந்தத்தை அடகு வைத்துத்தான். கிரைன் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை. ஆனால் ‘பொம்மை வீடு’ உரிமம் பெற்ற நாடகம். ‘பேய்கள்’ வேறு ரகம்.

1891 மார்ச் 13

இடம் அதே ராயல்டி அரங்கம், டீன் தெரு. அரங்கை நடத்தியவர் கேட் சாண்ட்லி என்ற பாடகி-நடிகை. மேடைக்குப் பொறுப்பு செசில் ராலி. ஆல்விங் அம்மையாராக நடித்தவர் திருமதி தியோடோர் ரைட். தொழில்முறை மேடையில் பெயர் பெற்றவர் இல்லை. சோஷலிஸ்ட் நண்பர்கள் வட்டத்தில் அறியப்பட்டவர். ஆஸ்வால்டாக ஃபிராங்க் லிண்டோ. தொழிலையே நம்பி வாழும் பெரிய நட்சத்திரம் எதுவும் இந்த நாடகத்தின் பக்கம் வராது என்பது கிரைனுக்குத் தெரிந்தே இருந்தது.

அறிவிப்பு வெளியானதும் அனுமதி கேட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஆனால் வாசலில் டிக்கெட் இல்லை. பணம் கொடுக்கத் தயாராக இருந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பித்தான் இந்த நாடகம் நடக்க முடியும். ஒரே ஒரு டிக்கெட் விற்றால்கூட அது பொது நாடகம். உரிமம் இல்லாத பொது நாடகம் குற்றம். கூட்டம் வருமா என்று கவலைப்படுவதே தயாரிப்பாளரின் தலைவிதி. வரும் கூட்டத்தை எப்படித் தடுப்பது என்று கவலைப்பட்ட தயாரிப்பாளர் கிரைன்.

வெள்ளிக்கிழமை மாலை திரை உயர்ந்தது. அரங்குக்குள் கலகம் எதுவும் நடக்கவில்லை. திருமதி ரைட்டின் நடிப்பை, நாடகத்தை வெறுத்தவர்களும் பாராட்டினார்கள். மறுநாள் காலை வரை எல்லாம் அமைதி.

வசைத் திரட்டு

மறுநாள் ‘டெய்லி டெலிகிராஃப்’ தலையங்கமே எழுதியது. மூடாத சாக்கடை, கட்டவிழ்த்துக் காட்டிய புண், கதவு சன்னல்களைத் திறந்து போட்ட தொழுநோயாளர் விடுதி என்று உவமைக்குமேல் உவமை. மற்றப் பத்திரிகைகளும் தொடர்ந்தன. சில, வழக்குப் போடச் சொல்லின. நாடகத்தைத் திட்டி முடித்து நாடகாசிரியரைத் திட்டின. அதன்பின் பார்க்க வந்தவர்களைத் திட்டின. இந்த நாடகத்துக்குப் போனவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அழுக்கு மனம் கொண்டவர்கள் என்று ஒரு பத்திரிகை விழுக்காடு போட்டே எழுதியது. வந்திருந்த பெண்களுக்குப் பெண்மையே இல்லை என்றது இன்னொன்று.

இந்தக் கடைசி ரக வசைதான் நமக்கு முக்கியம். பத்திரிகைகள் தம்மை அறியாமலே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டன: லண்டனில் இப்போது ‘பேய்கள்’ பார்க்கிற கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. முந்தைய நாள் வரை அது இல்லை.

ஆர்ச்சர் ஒரு குறும்பு செய்தார். வசைகளை எல்லாம் கத்தரித்து, நாடகத்துக்கு இவை, இப்சனுக்கு இவை, பார்வையாளருக்கு இவை என்று வகை பிரித்து அடுக்கி, ஏப்ரல் 8 அன்று ‘பால் மால் கெஜட்’ இதழில் வெளியிட்டார். தனித்தனியாகப் படித்தபோது நீதிமான்களின் கோபமாகத் தெரிந்தது, ஒரே பட்டியலில் சிரிப்பை மூட்டியது. ஷா அந்தப் பட்டியலைத் தன் ‘இப்சனியத்தின் சாரம்’ நூலில் சேர்த்துக்கொண்டார். இன்று அந்த விமர்சகர்களில் பலரின் எழுத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பட்டியல்தான்.

வசையின் ஓரத்தில் இன்னொரு நூலும் ஓடியது: இது அந்நியன் கொண்டுவந்த சரக்கு. நார்வேக்காரர் எழுதினார், டச்சுக்காரர் இறக்கினார், ஆங்கில வீட்டுக்குள் எதற்கு இது? அலுவலகத்தில் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு வெளிநாட்டுக் குமாஸ்தாவுக்கு இது லேசான தாக்குதல் இல்லை.

பரிசோதகர் பிகட்டின் கருத்தும் பதிவாகியிருக்கிறது. 1892-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, இப்சனை ஓரளவு கவனமாகவே படித்ததாகவும், அவருடைய பாத்திரங்கள் எல்லாருமே ஒழுக்கம் பேதலித்தவர்களாகத் தெரிவதாகவும் சொன்னார். அப்படியென்றால் மற்ற இப்சன் நாடகங்களுக்கு ஏன் உரிமம் தந்தார்? அவை கெடுதல் செய்ய முடியாத அளவுக்கு அபத்தமானவை என்பது அவர் கணிப்பு.

உள்ளூர்ச் சரக்கு எங்கே?

1891 அக்டோபரில் அடுத்த நாடகம்: எமில் ஸோலாவின் ‘தெரேஸ் ராக்கேன்’. 1892 மார்ச்சில் சில ஓரங்க நாடகங்கள். அவற்றிலும் பாதிக்கு மேல் பிரான்ஸ், டென்மார்க் சரக்கு. விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். சுதந்திர அரங்கு என்கிறீர்கள், சுதந்திரமான ஆங்கில நாடகம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். தணிக்கையால் அமுங்கிக் கிடக்கும் ஆங்கில மேதைகள் கதவு திறந்ததும் வரிசையில் நிற்பார்கள் என்று கிரைன் நம்பியிருந்தார். கதவு திறந்தே கிடந்தது, மேதைகளைக் காணோம்.

1892-ன் பிற்பகுதியில் ஷா கை கொடுத்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆர்ச்சரும் அவரும் கூட்டாகத் தொடங்கிக் கைவிட்ட ஒரு பிரதி அவரிடம் கிடந்தது. கதையை ஆர்ச்சர் கொடுப்பது, வசனத்தை ஷா எழுதுவது என்று ஏற்பாடு. ஆர்ச்சர் கொடுத்த கதை பிரெஞ்சு நாடகாசிரியர் எமில் ஓழியேயிடமிருந்து எடுத்தது. ஷா அதை முதல் அங்கத்திலேயே தீர்த்துவிட்டு மேலும் கதை கேட்டதால் கூட்டணி முறிந்தது. கிரைன் கேட்டதும் ஷா அதைத் தூசி தட்டி முடித்தார். ‘விடோயர்ஸ் ஹவுசஸ்’ 1892 டிசம்பர் 9 அன்று ராயல்டி அரங்கில் மேடையேறியது. கௌரவமான குடும்பத்தின் வருமானம் சேரி வீடுகளின் வாடகையிலிருந்து வருகிறது என்பது கதை. கைதட்டலும் கூச்சலும் சரிபாதி. ஷா மேடைக்கு வந்து பேசினார். நடந்தது மொத்தம் இரண்டு காட்சிகள். ஷாவுக்கு அப்போது வயது 36.

நார்வே நாடகத்துக்காகக் கூட்டப்பட்ட உறுப்பினர் கூட்டம் ஓர் ஆங்கில நாடகாசிரியரைப் பெற்றுத் தந்தது. அயல்நாட்டு நாடகம் உள்ளூர் எழுத்தை நசுக்கிவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது. ஷா எழுதி வைத்திருந்த பிரதிக்கு இடம் தர லண்டனில் இருந்த ஒரே மேடை, இப்சனுக்காகப் போட்ட மேடைதான்.

அடுத்த ஆண்டு வேடிக்கையான வரவு ஒன்று. மற்றவர்களின் நாடகங்களைக் கடுமையாகத் தாக்கி வந்த நாவலாசிரியர் ஜார்ஜ் மூர், மரபை மீறிய ஒரு நாடகத்தைத் தானே எழுதினால் அதைப் பார்க்க ஓர் இருக்கைக்கு 100 பவுன் தருகிறேன் என்று ஜார்ஜ் சிம்ஸ் என்ற புகழ்பெற்ற நாடகாசிரியர் சவால் விட்டார். மூர் எழுதினார், 1893 பிப்ரவரியில் கிரைன் மேடையேற்றினார், சிம்ஸ் பணத்தைக் கட்டினார். இண்டிபெண்டெண்ட் தியேட்டரின் நிதிநிலைக்கு அந்த ஒரு இருக்கை எவ்வளவு பெரியது என்பது அடுத்து வரும் கணக்கில் தெரியும்.

175 பேர்

இந்த அமைப்பின் உறுப்பினர் எண்ணிக்கை ஒருபோதும் 175-ஐத் தாண்டியதில்லை. ஆண்டு வருமானம் 400 பவுனைத் தாண்டியதில்லை. தாமஸ் ஹார்டி, ஜார்ஜ் மெரிடித் போன்ற பெயர்கள் பட்டியலை அலங்கரித்தன. ஆனால் அலங்காரப் பெயர்களால் அரங்க வாடகை கட்ட முடியாது. பெரும்பாலான நாடகங்கள் ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. அவ்வளவுக்குத்தான் காசு.

இவ்வளவு சிறிய கூட்டம் எப்படிச் செல்லுபடியானது? அதில் எழுதுகிறவர்கள் இருந்தார்கள், நடிக்கிறவர்கள் இருந்தார்கள், விமர்சகர்களுக்கு அழைப்பும் போனது. ஒரே இரவு நடந்த நாடகம் ஒரு மாதம் அச்சில் ஓடியது. மற்ற அரங்குகளிலும் கதவுகள் அசைந்தன. 1891 ஏப்ரலிலேயே எலிசபெத் ராபின்ஸும் மேரியன் லீயும் ‘ஹெட்டா கேப்ளர்’ நாடகத்தைத் தாங்களே பணம் திரட்டி, முறையான உரிமத்துடன் நடத்தினார்கள்.

1895 மார்ச்சில் கிரைன் இன்னொரு காரியம் செய்தார். பாரிஸின் லூன்யே-போ குழுவை அப்படியே லண்டனுக்கு வரவழைத்தார். நார்வே இப்சனையும் பெல்ஜிய மேட்டர்லிங்கையும் பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சிலேயே நடிக்க, ஆங்கிலேயர்கள் பார்த்தார்கள். ஏற்பாடு டச்சுக்காரருடையது. அதே ஆண்டு அவர் பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்றார். அரங்கின் பொறுப்பையும் பிறரிடம் விட்டார். 1897-க்குப் பின் இண்டிபெண்டெண்ட் தியேட்டர் மூச்சு விடவில்லை.

முறை மட்டும் சாகவில்லை. 1899 நவம்பர் 26 அன்று, ஞாயிற்றுக்கிழமை, ‘ஸ்டேஜ் சொசைட்டி’ என்ற புதிய உறுப்பினர் சங்கம் அதே ராயல்டி அரங்கில் ஷாவின் நாடகத்தோடு தொடங்கியது. ஞாயிறு அன்று நாடகமா என்று போலீஸ் வந்து நின்றது. சங்கத்தார் வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்க, உள்ளே நாடகம் முடிந்தது. அந்தச் சங்கத்தில் வளர்ந்த கிரான்வில் பார்க்கர்தான் 1904 முதல் 1907 வரை கோர்ட் அரங்கில் ஷாவைப் பொதுமக்களின் நாடகாசிரியர் ஆக்கினார்.

கிரைனின் எல்லைக்கோடு

கிரைனைத் துணிச்சலின் சிலையாக நிறுத்திவிட்டுப் போக வரலாறு விடுவதில்லை. 1893-ல் ஷா அவருடைய அரங்குக்கென்றே எழுதிய நாடகம் ‘மிசஸ் வாரன்ஸ் புரொஃபஷன்’. விபசார விடுதிகள் நடத்திப் பணம் சேர்த்த தாய், அந்தப் பணத்தில் கேம்பிரிட்ஜில் படித்த மகள். கிரைன் மறுத்துவிட்டார். 1902 ஜனவரியில் ஸ்டேஜ் சொசைட்டி அதைத் தனிக்காட்சியாக நடத்தியபோது, நாடக விமர்சகராகிவிட்டிருந்த கிரைன், பெண்கள் முன்னால் நடத்தத் தகாத நாடகம் என்று வருந்தி எழுதினார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவரைப் பற்றி எழுதப்பட்டதன் மென்மையான பதிப்பு அது. ஷா தன் முன்னுரையில் இதைக் குத்திக்காட்டாமல் விடவில்லை.

இதை ஏமாற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. கிரைன் தனக்குப் பிடித்ததை மட்டுமே கொண்டுவந்தார். ஆனால் அவர் கட்டிய ஏற்பாட்டை, அவருக்குப் பிடிக்காத நாடகமும் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. தயாரிப்பாளரின் ரசனையைத் தாண்டி நிற்கிற கதவு அது. 1968-ல் புதிய சட்டம் லார்ட் சேம்பர்லினின் நாடக அதிகாரத்தை ஒழிக்கும் வரை, உரிமம் மறுக்கப்பட்ட நாடகங்களுக்கு லண்டனில் ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்ற பலகைதான் புகலிடம்.

‘பேய்கள்’ நாடகத்துக்கு 1914-ல் உரிமம் கிடைத்தது. அந்த ஜூலையில் ஹேமார்க்கெட் அரங்கில், காசு கொடுத்த எவரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற நிலை வந்தது. மூன்றே வாரத்தில் உலகப்போர். போர் வந்ததும், அயல்நாட்டுச் சரக்கு என்று 1891-ல் சொன்ன சொல்லுக்கு வேறு அர்த்தம் ஏறியது.

1918 பிப்ரவரியில், ‘சலோமி’யை மாட் ஆலன் என்ற நடனக்காரியை வைத்து உறுப்பினர்களுக்கு மட்டும் நடத்தப்போவதாகக் கிரைன் விளம்பரம் கொடுத்தார். பெம்பர்டன் பில்லிங் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், எதிரி கையில் 47,000 பிரிட்டிஷாரின் ஒழுக்கக்கேட்டைப் பதிந்த கறுப்புப் புத்தகம் இருப்பதாகத் தன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் புத்தகத்தோடு முடிச்சுப் போடப்பட்டு, உறுப்பினர் பட்டியல் என்ற கிரைனின் கவசமே பில்லிங்கின் கையில் அவருக்கு எதிரான சான்றாக மாறியது. மே மாதம் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் வழக்கு. புகார் கொடுத்தது கிரைன் தரப்பு. விசாரிக்கப்பட்டது என்னவோ அவர் போட்ட நாடகம்.

அந்த ஆறு நாள் விசாரணை, அடுத்த இதழில்.